நல்ல நாளில் கறுப்பு ஏன் கூடாது?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் சுற்றுக்கு வரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு நிறத்தில் உடுத்தி வர வேண்டும். திங்கள் சிவப்பு, அன்பின் நிறம். செவ்வாய் பச்சை, வாழ்வின் நிறம். புதன் வெள்ளை, தூய்மையின் நிறம். பொங்கல் நெருங்கினால் இன்னொரு பட்டியல் வரும். அதில் மஞ்சள் மங்களத்தின் நிறமாகச் சேர்ந்திருக்கும். இரண்டு பட்டியலுக்கும் கடைசி வரி மட்டும் ஒன்றேதான்: 'கறுப்பு நிற உடைகளைத் தவிர்க்கவும்.' சிவப்புக்கும் பச்சைக்கும் பொருள் எழுதியவர்கள் இதற்கு மட்டும் காரணம் எழுதுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? "நல்ல நாளும் அதுவுமா கறுப்ப உடுத்திக்கிட்டு வந்து நிக்காதடி" என்பது என் அம்மாவின் நிரந்தர வசனம். பொங்கலுக்குத் துணி எடுக்கப் போய் நான் கறுப்புச் சுடிதாரைக் கையில் எடுத்தால் அவர் முகம் மாறும். தொட்டுப் பார்ப்பார். துணி நல்லாத்தான் இருக்கு என்பார். பிறகு கடைப் பையனிடம் "வேற கலர் இருக்கா தம்பி?" என்பார். சண்டை போட்டு வாங்கினாலும் ஓர் ஒப்பந்தம் உண்டு: காலையில் பானை வைக்கும்போது மஞ்சள், மத்தியானத்துக்கு மேல் கறுப்பு. கறுப்பின் தீட்டு மதியச் சாப்பாட்டோடு கழிந்துவிடும் போலிருக்கிறது.

கேட்டால் சொல்லப்படும் காரணம், கறுப்பு துக்கத்தின் நிறம் என்பது. யாருடைய துக்கம்? இழவு வீட்டுக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போவது ஐரோப்பிய வழக்கம். நம் ஊரில் பிணத்தின் மேல் போர்த்துவது வெள்ளைக் கோடித் துணி. கணவன் செத்த பெண்ணுக்குப் பூவையும் பொட்டையும் பறித்துக்கொண்டு சமூகம் கொடுத்தது வெள்ளைச் சேலை. அவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போனவர்கள் யாரும் வெள்ளை நிறத்தையே அமங்கலம் என்று விலக்கிவிடவில்லை. அதே வெள்ளை மிராசுதாரின் வேட்டியில் மரியாதை, பூசாரியின் வேட்டியில் சுத்தம், தலைவரின் சட்டையில் எளிமை. துணி ஒன்று, நிறம் ஒன்று. உடுத்தியிருக்கும் ஆளைப் பார்த்துத்தான் பொருள் சொல்லப்படுகிறது.

கறுப்பை வெறுக்க உழுது பிழைக்கும் மக்களுக்குக் காரணமே கிடையாது. மழை தரும் மேகம் கார்மேகம். எங்கள் பக்கத்தில் பருத்தியும் மிளகாயும் விளைவது கரிசலில். பொங்கலன்று அடுப்பில் ஏற்றும் புதுப்பானை இறங்கும்போது அதன் அடி கரியாகத்தான் இருக்கும். ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்பவர் கருப்பசாமி. மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் பாடப்படும் திருப்பாவையின் கண்ணனே கரிய மேனிக்காரன். சாமி கறுப்பாக இருக்கலாம், மண் கறுப்பாக இருக்கலாம், மேகம் கறுப்பாக இருக்கலாம். பண்டிகை நாளில் நாம் மட்டும் கறுப்பில் நிற்கக் கூடாது.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகுவுக்கும் பரத்துவாசருக்கும் இடையே ஓர் உரையாடல் வருகிறது. நான்கு வருணங்களுக்கும் பிருகு நிறம் சொல்கிறார். பிராமணருக்கு வெள்ளை, சத்திரியருக்குச் சிவப்பு, வைசியருக்கு மஞ்சள், சூத்திரருக்குக் கறுப்பு. இப்போது அலுவலகப் பட்டியலை மறுபடி பாருங்கள். வெள்ளை தூய்மை, சிவப்பு அன்பு, மஞ்சள் மங்களம், கறுப்பைத் தவிர்க்கவும். எங்கள் மனிதவளத் துறையில் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர் சாந்தி பருவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் செய்திருக்க மாட்டார். புரட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு மதிப்பீடு புத்தகத்திலிருந்து இறங்கி அம்மாவின் வாய்க்கும் அலுவலக அறிவிப்புக்கும் வந்து சேர்ந்தபின் அதற்குப் புத்தகத்தின் தயவு வேண்டியதில்லை. (பரத்துவாசர் அங்கேயே மடக்கிக் கேட்கிறார், நிறத்தால்தான் வருணம் என்றால் எல்லா வருணத்திலும் எல்லா நிறமும் கலந்து கிடக்கிறதே என்று. கேள்வி கேட்டவரை விட்டுவிட்டுப் பதில் சொன்னவரைப் பிடித்துக்கொண்டது நம் சமூகம்.)

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வருணம் என்ற வடசொல்லுக்கு நிறம் என்று பொருள் இருப்பதை வைத்து, வெள்ளைத் தோல்காரன் ஆண்டான், கறுப்புத் தோல்காரன் அடிமை என்று சாதியை இனப் போராகச் சுருக்கும் வாதம் நம் மேடைகளிலும் உண்டு. அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. 1946இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அந்த வாதத்தை விரிவாக மறுத்தார். பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் பார்ப்பனரும் உண்டு, ஒடுக்கப்பட்டோரும் உண்டு. தோலை மட்டும் பார்த்து இவர் இன்ன சாதி என்று சொல்லிவிட முடியாது. முடிந்திருந்தால் ஊர் பேரையும் அப்பா பேரையும் சுற்றி வளைத்து விசாரிக்கும் வேலையே இருந்திருக்காது. நான் சொல்வது தோலைப் பற்றி அல்ல. தோலில் இல்லாத ஒரு வேறுபாட்டைத் துணியில் எழுதிக் காட்டினார்கள் என்பதைப் பற்றி.

அப்படி எழுதப்பட்டதைப் பெரியார் எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். 1945இல் கருஞ்சட்டைப் படை உருவானது. அடுத்த ஆண்டு மே மாதம் மதுரையில் நடந்த கருஞ்சட்டை மாநாட்டின் பந்தலை எதிரிகள் கொளுத்தினார்கள். 1948இல் சென்னை மாகாண அரசு அந்தப் படைக்குத் தடை விதித்தது. ஒரு சட்டைக்கு இவ்வளவு பயம். திராவிடர் கழகக் கொடியில் கறுப்பு நம்மேல் சுமத்தப்பட்ட இழிவு, நடுவிலுள்ள சிவப்பு வட்டம் அந்த இழிவை ஒழிக்கும் கிளர்ச்சி. கறுப்பு அழகு, கறுப்பு பெருமை என்று அவர் கொண்டாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழிவு தீரும்வரை உடுத்த வேண்டிய உடுப்பு அது. தீரவில்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்திருந்தது. 1973 டிசம்பர் 8, 9 தேதிகளில் பெரியார் திடலில் இழிவு ஒழிப்பு மாநாடு நடத்தினார். 19ஆம் தேதி தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். 24ஆம் தேதி வேலூரில் மறைந்தார். ஆகவே கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தமிழ்நாட்டுத் தெருவில் கருஞ்சட்டைகளைப் பார்க்கலாம்.

ஆனால் அன்று தெருவில் கறுப்பு உடுத்தியிருப்பவர்களில் மிகப் பெரும்பான்மை ஐயப்ப பக்தர்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி தொடங்கித் தை பிறக்கும்வரை இரயில் நிலையம், டீக்கடை, அலுவலகம் எங்கும் கறுப்பு வேட்டி. எங்கள் அலுவலகத்திலும் ஏழெட்டுப் பேர் கறுப்புச் சட்டையில் செருப்பில்லாமல் வருகிறார்கள். கறுப்பைத் தவிர்க்கச் சொல்லும் பட்டியல் அவர்களைச் சீண்டுவதில்லை. சீண்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பக்திக்கு உடுத்தும் கறுப்புக்கு விதிவிலக்கு உண்டு, பகுத்தறிவுக்கு உடுத்தும் கறுப்புக்கு இல்லை. அப்படியானால் பிரச்சினை நிறத்தில் இல்லை என்பதை அவர்களே நிரூபித்துவிடுகிறார்கள். (வரலாற்றின் குறும்பு ஒன்று: 1950இல் சபரிமலைக் கோயில் எரிந்தபின் நிறுவப்பட்ட ஐம்பொன் சிலையைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவர் நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜன்.)

ஐயப்பன் கறுப்பை எள்ளி நகையாடிவிட்டுப் போவது நம் தோழர்களுக்கு எளிது. எனக்கு அது எளிதாக இல்லை. என் சித்தப்பா பதினைந்து வருடங்களாக மாலை போடுகிறார். இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அவரை 'டேய்' என்றும் அவர் அப்பா பெயரைச் சொல்லி 'மகனே' என்றும் கூப்பிடும் ஆட்கள், அந்த ஒரு மண்டலம் மட்டும் 'சாமி' என்பார்கள். வயதில் இளைய ஆதிக்கச் சாதிப் பையன்கூட 'சாமி, டீ சாப்பிடுறீங்களா?' என்று கேட்பான். அவர் மாலை போடுவது கடவுளுக்காக மட்டும்தானா என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஒனக்கென்னத்தா, மெட்ராஸ்ல இருக்க. இங்கன வருசத்துல நாப்பது நாளாச்சும் மனுசனா நடக்க வேணாமா?" என்றார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாள் காலை அதே டீக்கடையில் பழைய 'டேய்' காத்திருக்கும். கறுப்பு வேட்டியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். சமத்துவத்தையும் அதோடு மடித்து வைத்துவிட வேண்டியதுதான், அடுத்த கார்த்திகை வரை.

அந்த நாற்பது நாள் சமத்துவத்துக்கும் வேலி உண்டு. 2018 செப்டம்பர் 28ஆம் தேதி எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 சனவரி 1ஆம் தேதி கேரளத்தின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை பெண்கள் மதிலாக நின்றார்கள். மறுநாள் விடிவதற்குள் பிந்து அம்மிணியும் கனகதுர்காவும் சன்னிதானத்தில் வழிபட்டுத் திரும்பினார்கள். அவர்களும் கறுப்புதான் உடுத்தியிருந்தார்கள். பிந்து தலித். செய்தி வெளியானதும் தந்திரி நடையைச் சாத்திச் சுத்திகரிப்புச் சடங்கு செய்தார். ஆண் உடுத்தினால் விரதம், பெண் உடுத்தி வந்தால் கழுவ வேண்டிய தீட்டு.

பிருகுவின் பட்டியலில் நான்கு நிறங்கள்தான் உண்டு. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதில் நிறமே இல்லை. 'அவர்ணர்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: நிறமற்றவர்கள். சூத்திரருக்காவது ஒரு கறுப்பு கிடைத்தது. மற்றவர்களுக்கு எந்த நிறம் என்பதற்கு முன்னால் துணி உண்டா என்பதே கேள்வியாக இருந்தது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச் சூடக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. இது போதாதென்று அடுத்த ஆண்டு சூன் மாதம் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள்.

என் பாட்டி அந்த மாவட்டத்துக்காரர். அவர் ரவிக்கை போட்டு நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு அம்மா தைத்துக் கொடுத்தாலும் பெட்டிக்குள் வைத்துவிடுவார். கேட்டால் "பழக்கமில்லத்தா" என்பார். சின்ன வயதில் அதை அவருடைய விருப்பம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 1930இன் பட்டியலைப் படித்தபின் 'பழக்கம்' என்ற சொல்லைச் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. பண்டிகைக்குக் கறுப்பு கூடாது என்பதற்கும் அம்மா அதே சொல்லைத்தான் சொல்கிறார்: பழக்கமில்லை.

யார் எதை உடுத்தலாம் என்பதற்கு விதி எழுதி வைத்த நூல் மனுஸ்மிருதி. அதன் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்குப் பிணத்தின் மேல் கிடந்த துணியையே உடையாக விதிக்கிறது. அந்த நூலை அம்பேத்கரின் தலைமையில் மகாடில் எரித்த நாள் 1927 டிசம்பர் 25. தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே, பிறப்பால் பார்ப்பனர். எரித்ததை எல்லோரும் பேசுகிறோம். அதே மாநாட்டையொட்டி அம்பேத்கர் பெண்களிடம் பேசியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பார்த்ததும் இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டுவதையும், அடையாளமாகவே மாட்டிவிடப்பட்ட கனத்த நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். பெண்கள் காத்திருக்கவில்லை, உடனேயே சேலைக் கட்டை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். தீயில் எரிந்தது காகிதம். அதற்குள் இருந்த உடை விதியை எரித்தது அந்தப் பெண்கள் கட்டிய சேலை என்று நான் நினைக்கிறேன். டிசம்பர் 25க்கு என்ன நிறம் என்று எங்கள் அலுவலகம் கேட்டிருந்தால் நான் அந்தச் சேலைகளைத்தான் சொல்லியிருப்பேன். அவை என்ன நிறத்தில் இருந்தன என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு என்பதே கடைத்தெருவின் கணக்கு. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் அந்த நாளுக்கு உரியது வெள்ளை. அதற்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு ஊதா. சிவப்பு, இரத்தம் சிந்தியவர்களின் நினைவு நாட்களுக்கான நிறம். டிசம்பர் 28ஆம் தேதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் விழா. அன்று குருவானவரின் மேலங்கி சிவப்பாக இருக்கும். (வெள்ளையைத் தூய்மை என்று சொல்லும் அதே திருச்சபையில், திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.)

தமிழ்நாட்டில் டிசம்பர் 25 சிவந்தது 1968இல். அன்றைய கீழத்தஞ்சையில் வெண்மணியின் விவசாயக் கூலிகள் செங்கொடி ஏற்றியிருந்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேரச் சொன்னார்கள் நிலவுடைமையாளர்கள். மறுத்தார்கள். கிறிஸ்துமஸ் இரவில் அடியாட்களோடு வந்து தாக்கினார்கள். தப்பிக்க ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். கொடியை இறக்கியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். அந்தத் துண்டுத் துணியின் நிறத்தை மாற்றிக்கொள்ள அவர்கள் ஒப்பவில்லை. சிவப்பு அன்பின் நிறம் என்று யாராவது எனக்கு வாழ்த்து அனுப்பும்போது மறுப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. கொஞ்சம் கூடச் சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நிறமற்றவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட நிறம் நீலம். 1942இல் நாக்பூரில் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். பின்னால் வந்த குடியரசுக் கட்சியின் கொடியும் நீலம். வானத்தின் நிறம், வானத்தின் கீழே எல்லோரும் சமம் என்று சொல்வார்கள். சிலைகளில் அவர் போட்டிருக்கும் கோட்டின் நிறம் என்பார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிருகுவின் பட்டியலில் நீலம் கிடையாது. எந்த வருணத்துக்கும் ஒதுக்கப்படாத நிறம் அது. டிசம்பர் 6 அன்று மும்பை தாதரில் இலட்சக்கணக்கான மக்கள் நீலக் கொடியோடு கூடுகிறார்கள், 1956இல் அவர் மறைந்த நாள் என்பதால். 1992இல் அதே நாளைத்தான் பாபர் மசூதியை இடிக்கக் காவிக் கூட்டம் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் தேதி வந்தால் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் எதைப் போடுவது என்று யோசிக்கின்றன. எங்கள் ஊரில் யோசனையே இல்லை. அம்பேத்கர் சிலைக்குக் கூண்டு போட்டுக் காவல் நிற்கும் நாள் அது.

இனி நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருகிறேன். தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். எந்தக் கயிறு எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். விளையாட்டு அணியில் யாரைச் சேர்ப்பது, மதிய இடைவேளையில் யாரோடு உட்கார்வது, எல்லாம் மணிக்கட்டைப் பார்த்து. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. உடனே இந்து அடையாளத்தின் மேல் தாக்குதல் என்று கூச்சல் கிளம்பியது. தனக்குத் தெரியாமல் வெளியான சுற்றறிக்கை என்று அமைச்சரே சொன்னார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

'அப்படியானால் நீலமும் ஒரு கயிறுதானே, கறுப்பும் ஒரு கயிறுதானே, எல்லா நிறத்தையும் கழற்றிவிட்டு எல்லோரும் இந்தியராய் இருப்போமே' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நம் தெருப் பிள்ளைகளும் போட்டிக்குக் கயிறு கட்டுகிறார்கள், அதை மறைப்பானேன். அதையும் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கயிறும் கொடியும் ஒன்றில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வேறு சாதியில் பிறந்தவனானால் அவனால் என் கயிற்றைக் கட்ட முடியாது. கட்டினால் அடி விழும். கொடி அப்படியில்லை. சகஸ்ரபுத்தே மகாடில் அம்பேத்கரின் மேடையில் நின்றார். கருஞ்சட்டை போடுபவரிடம் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு நிறத்துக்குள் வருவதற்குப் பிறப்பு தகுதியா, முடிவு தகுதியா என்று கேட்டால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். நம் அமைப்புகளில் சிலவற்றிடமும் இந்தக் கேள்வியை நான் கேட்க விரும்புகிறேன். நீலத்தை ஒரே ஒரு சாதியின் நிறமாகச் சுருக்கிக்கொண்டு பக்கத்துச் சேரியின் கொடிக்கம்பத்தோடு மல்லுக்கு நிற்பவர்கள், கயிற்றைத்தான் கொஞ்சம் பெரிதாகத் தைத்துக் கம்பத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

அதிகாரத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கயிறுகளைக் கண்டும் காணாமல் பல ஆண்டுகள் இருந்த அரசு இயந்திரம் தானாகத் தேர்ந்தெடுத்த நிறத்தைப் பார்த்தால் விழித்துக்கொள்கிறது. 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் மார்கழிக் கோலம் போட்ட பெண்களைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது. கோலத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். 2023 சூனில் ஆளுநர் வரும் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடுத்தி வராதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது சேலத்தில் உள்ள பல்கலைக்கழகம். அதன் பெயர் பெரியார் பல்கலைக்கழகம்.

ஆளுநரை மட்டும் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாதபடி இன்னொன்றும் நடந்தது. 2025 சனவரி 5, பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. சென்னை எழும்பூரில் சிந்துவெளி நாகரிகக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கம். தொடங்கி வைத்தவர் முதலமைச்சர். ஈரோட்டிலிருந்து வந்த பாதையில் தங்களை நிறுத்திப் பேசும் ஆட்சி. வாசலில் பாதுகாப்புக்கு நின்றவர்கள் மாணவிகளின் கறுப்புத் துப்பட்டாவை வாங்கி வைத்துக்கொண்டே உள்ளே விட்டார்கள். யாராவது கறுப்புக்கொடியாகக் காட்டிவிடுவார்களோ என்ற பயம். படங்கள் வெளியானதும், அளவுக்கு மீறிய எச்சரிக்கையில் நடந்துவிட்டது என்று காவல்துறை விளக்கம் சொன்னது. அந்த மாணவிகளில் எத்தனை பேர் அன்று காலை வீட்டில் "நல்ல காரியத்துக்குப் போறப்ப கறுப்பா?" என்ற கேள்வியைத் தாண்டி வந்திருப்பார்களோ. நிகழ்ச்சி முடிந்ததும் அவரவர் துப்பட்டாவை வாங்கிக்கொண்டு போனார்கள். அதே எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பானைகள் இருக்கின்றன. கறுப்பும் சிவப்புமாகச் சுட்ட பானைகள். போய்ப் பார்க்கலாம், உள்ளே அவற்றைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.